பதினொன்றுக்கு அடித்த உச்சி மணி

1

இந்தக் கதை மாடிப்படியில் வழிந்து வந்த தண்ணீரிலிருந்து கிடைத்தது. ஈஸ்டர் திங்கள், முற்பகல். தண்ணீர் என் வாசல்வரை வந்தது. துணியோடு வெளியே வந்தேன். மேலே இரண்டு பேர் பேசிக்கொண்டிருந்தார்கள். துடைக்க மறந்தேன்.

(ஒட்டுக்கேட்டேன் என்று எழுதியிருக்க வேண்டும்.)

2

முதல் தொடக்கம்: "செக் நாட்டுப் பிர்னோ நகரின் கூரைகள்மேல் வசந்தம் தன் மெல்லிய—"

வேண்டாம். அன்று நல்ல குளிர்.

இரண்டாவது: "மனைவியை இழந்து ஆறு ஆண்டுகளான ஹினெக்—"

இரங்கல் குறிப்பு போல இருக்கிறது.

மூன்றாவது: ஈஸ்டர் சந்தையில் எங்கள் மூவர் கடையும் அடுத்தடுத்து. நான் ஆட்டுக்குட்டி வடிவக் கேக் விற்றேன். என் மாடிவீட்டு யர்மிலா மெழுகால் வரைந்து சாயத்தில் தோய்த்த முட்டைகள் விற்றாள். ஹினெக் விற்றது, பச்சை வில்லோ மரக் கொம்புகளைச் சாட்டைபோலப் பின்னிய விளார்கள். அவர் வெளியூர்க்காரர், இங்கே வந்து மூன்று வருடம்.

இது நிற்கட்டும்.

3

சனிக்கிழமை கடை கட்டும்போது ஹினெக் கேட்டார்.

"திங்கட்கிழமை உங்க வீட்டுப் பக்கம் வரட்டுங்களா?"

"அடிக்கவா?" என்றாள் யர்மிலா.

"வேற எதுக்கு?"

"உச்சி மணிக்குள்ள வாங்க. பிந்தினா நான் பொறுப்பில்ல."

அப்புறம் எதிர்க்கடைக்குப் போய் ரிப்பன் வாங்கினாள். ஒன்று சிவப்பு. ஒன்று மஞ்சள்.*

* எங்கள் வழக்கம்: ஈஸ்டர் திங்களன்று ஆண் விளாரால் காலில் லேசாகத் தட்டினால் பெண் அந்த வருடம் வாட மாட்டாள். அவள் பதிலுக்கு முட்டை தருவாள். விளாரில் ரிப்பன் கட்டுவாள். சிவப்பு, சம்மதம். மஞ்சள், இல்லை. உச்சிப்பொழுது தாண்டினால் உரிமை பெண்களுக்கு: ஒரு குடம் குளிர்ந்த தண்ணீரை ஆண் தலையில் ஊற்றலாம்.

4

ஹினெக்கின் விளார்கள் எல்லாம் விற்றுப்போயிருந்தன. திங்கள் விடிந்ததும் ஆற்றங்கரைக்குப் போய்ப் புதுக் கொம்பு வெட்டி, எட்டுப் புரியாகப் பின்னினார். திடலைக் கடக்கும்போது பேராலயத்தில் உச்சி மணி அடித்தது. தன் கடிகாரத்தைப் பார்த்தார். பதினொன்று. இன்னும் ஒரு மணி நேரம் இருக்கிறது என்று நின்று ஒரு காப்பி குடித்தார். (பிறகு அவரே சொன்னது. காப்பியை மட்டும் மூன்று முறை சொன்னார்.)

எங்கள் ஊர்க் கதை இது: சுவீடன் படை முற்றுகையிட்டிருந்தது. உச்சிக்குள் நகரம் விழாவிட்டால் திரும்பிவிடுவேன் என்றான் தளபதி. பதினொன்றுக்கே உச்சி மணியை அடித்துவிட்டார்கள். நம்பிப் போய்விட்டான். அன்றிலிருந்து இங்கே உச்சி மணி பதினொன்றுக்கு.

வெளியூர்க்காரர்கள் அதை வேடிக்கை என்று நினைப்பார்கள்.

5

ஹினெக் மாடியேறித் தட்டினார். கதவு திறந்தது. தண்ணீர்.

"ஐயோ! என்னங்க இது?"

"மணி அடிச்சாச்சு, ஐயா. இனி எங்க முறை." கதவு சாத்தப்பட்டது.

"பதினொண்ணு இருபதுதாங்க ஆகுது!"

"உங்க ஊர்க் கடிகாரமா?"

"கடிகாரத்துக்கு ஏதுங்க ஊரு?"

"மணிக்கு இருக்கே."

6

யர்மிலா மணியை நம்பித்தான் ஊற்றினாள் என்று முதலில் எழுதினேன். அடித்துவிட்டேன். அவள் கடிகாரமும் சரியாகத்தான் ஓடுகிறது. அன்று காலை எட்டு மணியிலிருந்து, என் தலைக்கு மேல், ஜன்னலோரத் தரைப்பலகை கிறீச்சிட்டுக்கொண்டே இருந்தது.

அவள் கோபம் மணியைப் பற்றியதல்ல என்று நான்—

அவளே சொல்லட்டும்.

"எட்டு மணியிலேர்ந்து ஒரு முட்டை மேசைமேல உக்காந்திருக்கு," என்றாள் கதவுக்குப் பின்னாலிருந்து.

"முட்டைக்குப் பொறுமை இருக்கும்ங்க."

"முட்டைக்கு இருக்கு."

அவர் திரும்பி இறங்குவார் என்று நினைத்தேன். முற்றுகைகள் இங்கே அப்படித்தான் முடியும். அவர் மேல்படியில் உட்கார்ந்தார். சொட்டுகிற சத்தம் கேட்டது.

"நான் போகலைங்க. நிஜமான பன்னிரண்டு வரைக்கும் எனக்கு நேரம் இருக்கு."

"நனைஞ்சுபோய் உக்காந்தா சளி பிடிக்கும்."

"பிடிக்கட்டும்."

"பிடிவாதத்துக்கு மட்டும் குறைச்சலில்ல."

தாழ்ப்பாள் விலகியது.

7

மூன்று முடிவு எழுதினேன். ஒன்றில் அவள் துண்டு மட்டும் கொடுக்கிறாள். ஒன்றில் மஞ்சள். சிவப்பை எழுதும்போது என் கை வேகமாக ஓடியது. அதனால் அதையும் நம்பவில்லை. மூன்றையும் கிழித்தேன். தண்ணீரைத் துடைத்தேன்.

ஹினெக் விளாரை நீட்டிக்கொண்டு நிற்கிறார். யர்மிலாவின் கை மேலங்கிப் பைக்குள் இருக்கிறது. பையில் ரிப்பன் இரண்டு.

உங்கள் கடிகாரத்தைப் பாருங்கள். அவசரமில்லை. நிஜமான பன்னிரண்டுக்கு இன்னும் அரை மணி நேரம் இருக்கிறது.