பூஜையில் வைத்த மூடி

பட்டாபிராமில் எங்கள் ரத்ததானச் சங்கத்துக்கு இரண்டு கம்ப்யூட்டர்கள். யாரோ புண்ணியவான்கள் கொடுத்த பழசு. போன் இருக்கும் சங்க அறையில் ஒன்று. ரத்தம் கொடுப்பவர்களின் விவரமெல்லாம் அடங்கிய பெரியது, பின்பக்கக் குவார்ட்டர்ஸில், தலைவர் ஜம்புலிங்கம் வீட்டில். சங்கத்தில் வைத்தால் திருடு போய்விடுமாம். ஒரு கறுப்பு வயர் சுவரைத் துளைத்துப் போய் இரண்டையும் இணைத்தது.

இந்த வயர் வித்தையைக் கற்க நானும் வசந்தகுமாரியும் ஞாயிறுதோறும் அம்பத்தூருக்கு ரயிலேறினோம். சங்கம், மன்றம் நடத்துகிறவர்களுக்கு லட்சுமணன் என்பவர் இலவசமாக வகுப்பெடுத்தார். எனக்குப் பாதி புரியும், மீதிக்குத் தலையாட்டுவேன். வசந்தகுமாரி ஒரு சொல்லைக்கூட விடமாட்டாள். லாரி மோதிய கணவனை, ரத்தம் கிடைக்காமல் பறிகொடுத்துவிட்டுச் சங்கத்துக்கு வந்தவள்.

வயரின் முனையில் விரல்நுனி அளவு ஓர் உலோக மூடி. "இதாம்மா உயிர். இது கழண்டா, அனுப்புறது முனையில முட்டித் திரும்பி வந்து குழப்பும். ரெண்டு மெஷினும் ஊமையாயிடும்" என்றார் லட்சுமணன். வசந்தகுமாரி அதை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். நான் சிரித்தேன்.

தொண்ணூற்றெட்டில் ஆயுத பூஜையன்று ஜம்புலிங்கம் பெரிய கம்ப்யூட்டரை ஓடவிட்டு, வீட்டை இரும்புக் கிரில் போட்டுப் பூட்டிக்கொண்டு குடும்பத்தோடு செய்யாறு போயிருந்தார். சங்கத்துச் சரஸ்வதி படத்துக்குக் காலையிலேயே பூஜையை முடித்த வசந்தகுமாரி, சுண்டலோடு முத்தாபுதுப்பேட்டையில் தங்கை வீட்டுக்குப் போனாள். மத்தியானம் நெமிலிச்சேரியிலிருந்து உத்தமன் என்பவர் சைக்கிளில் வந்து என் வீட்டுக் கதவைத் தட்டினார்.

"எக்கா, எம் பொஞ்சாதிக்குக் கொயந்த பொறந்துச்சு. ரத்தம் நிக்கவே மாட்டேங்குது. பி நெகட்டிவ் வோணுமாம், ஆஸ்பத்திரியில இல்லயாம்."

பூஜை போட்ட பொருளைத் தொடக்கூடாதுதான். உயிருக்கு முன்னால் என்ன பூஜை? சங்கத்தைத் திறந்து கம்ப்யூட்டரைப் போட்டேன். பெரிய கம்ப்யூட்டரைக் காணோம் என்றது. திரும்பத் திரும்ப அதையே சொன்னது. படித்த அரைகுறைப் படிப்பை வைத்து வயரைத் தடவிக்கொண்டே போனேன். முனை மொட்டையாக இருந்தது.

மேசைக்கடியில் தேடினேன், குப்பையைக் கொட்டிக் கிளறினேன். உத்தமனும் மண்டிபோட்டுத் தரையைத் துழாவினார். லட்சுமணன் வீட்டில் போனை எடுக்க ஆளில்லை. கடைகளெல்லாம் பூட்டு. வெயில் சாய்ந்துவிட்டது. உத்தமன் மனைவியைப் பார்க்க ஆஸ்பத்திரிக்கு ஓடினார். ஒரு மூடிக்காக ஓர் உயிர் போகுமா என்று எனக்கு அழுகையும் ஆத்திரமுமாக வந்தது.

வசந்தகுமாரி வந்து வாசலில் நின்றாள். "இன்னாக்கா தேடுறீங்க?"

சொன்னேன். அவள் முகம் வெளுத்தது. நேரே சரஸ்வதி படத்திடம் போய்ப் பூவை விலக்கினாள். புளிபோட்டுத் தேய்த்த பளபளப்போடு, உள்ளே சந்தனம் அடைத்துக்கொண்டு, மூடி அங்கே இருந்தது.

"கம்ப்யூட்டரத் தூக்கிட்டு வர முடியலக்கா. உயிருன்னு சொன்னாரே, அத மட்டும் சாமி காலடியில வெச்சேன்."

"உன் பக்தியில இடி விழ!" என்று கத்தினேன்.

அவள் ஊக்கால் சந்தனத்தைத் தோண்டி, முந்தானையால் துடைத்து, மூடியைத் திருகினாள். பெயர்கள் வந்தன. பாடியிலிருந்து துலுக்கானம் என்பவர், போன் போட்டதும் இலையில் சோற்றை விட்டுவிட்டு ஆட்டோவில் கிளம்பினார். அவர் ஆஸ்பத்திரியை எட்டுவதற்குள் பஞ்சவர்ணம் போய்விட்டாள். உத்தமன் மனைவியின் பெயர் அது. குழந்தை பிழைத்தது.

காரியமெல்லாம் முடிந்து உத்தமன் சங்கத்துக்கு வந்தார். எங்கள் இருவரையும் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார்.

"நல்ல நாளும் அதுவுமா தரையில பொரண்டு தேடுனீங்களே. கூடப் பொறந்தவங்ககூட செய்யமாட்டாங்கோ. அத்தச் சொல்லிட்டுப் போலாம்னுதான் வந்தேன்."

பேசாமல் இருடி என்று வசந்தகுமாரியின் கையை அழுத்தினேன். அவள் கையை உருவிக்கொண்டாள்.

"அந்த மூடியக் கழட்டிச் சாமி காலடியில வெச்சதே நான்தாங்க. அது இருந்திருந்தா நீங்க வந்த உடனே பேரு கெடைச்சிருக்கும். உங்க சம்சாரம் பொழைச்சிருப்பாங்க."

உத்தமன் அவளை நோக்கி ஓரடி எடுத்து வைத்தார். அடிப்பாரோ என்று பயந்து நான் குறுக்கே போனேன்.

"சாமிக்குத்தானேக்கா வெச்சீங்கோ," என்றார். சொல்லிவிட்டுச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்தார்.

அவர் ஓங்கி அறைந்திருந்தாலும் வசந்தகுமாரி தாங்கியிருப்பாள். "ஐயோ, திட்டிட்டுப் போய்யா" என்று அலறிக்கொண்டே தெருவரைக்கும் அவர் பின்னால் ஓடினாள்.