பச்சைக் கதவுக்கு நேராக

ஸ்பானர் என் தையல்கடைக்குள் வந்து நின்றபோது நான் ஒரு பேன்ட்டுக்கு ஜிப் மாற்றிக்கொண்டிருந்தேன். அவன் தோளில் என் வீட்டுக்காரருடைய தூண்டில்கள், கையில் ரீல் வைக்கும் பை, தலையில் இவருடைய பழைய தொப்பி. ஸ்பானருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு. வண்டி ரிப்பேர் கடை போட்ட பிறகு அது யாருக்கும் ஞாபகம் இல்லை. ஞாயிறு தவறாமல் இவரோடு ஆற்றுக்குப் போகிறவன்.

"அண்ணி, அண்ணன் எல்லாத்தையும் எனக்கே குடுத்துட்டாரு. இனிமே நீயே வச்சுக்கோன்னுட்டாரு."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "நீயும் வெட்கமில்லாம வாங்கிட்டு வந்துட்டியா?"

"வாங்கலேன்னா குப்பையில போடுவேன்னாரு. நான் என்ன பண்ணட்டும்?"

விஷயம் இதுதான். இவர் பஸ் ஓட்டுநராக இருந்து ஓய்வு பெற்றவர். முழங்கால் ஆபரேஷன் நல்லபடியாகத்தான் முடிந்தது. ஆனால் இவர்கள் வழக்கமாக உட்காரும் பாலத்தடி இடத்துக்கு ஒரு செங்குத்துச் சரிவில் இறங்க வேண்டும். ஆபரேஷனுக்குப் பிறகு ஒரே ஒருமுறை இறங்கினார். ஏற முடியவில்லை. ஸ்பானரும் வழியில் போன ஒருவரும் சேர்ந்து தூக்கி வந்தார்கள். "இத்தனை வருஷம் பஸ்ஸையே ஏத்தி இறக்கினவனை சாக்கு மூட்டை மாதிரி தூக்கிட்டு வந்தீங்களே" என்றார் அன்று. அதோடு ஆற்றுப் பேச்சே கிடையாது.

மீன் பிடிக்கிற பைத்தியத்தை நான் வாய் ஓயாமல் திட்டியவள்தான். குளியலறையில் புழு டப்பா வைத்தால் யாருக்குத்தான் கோபம் வராது? ஆனால் ஞாயிற்றுக்கிழமை முழுக்க ஜன்னலில் நின்று தெருவைப் பார்க்கும் அந்த முதுகைப் பார்க்க எனக்குச் சகிக்கவில்லை. இப்போது தூண்டிலும் கைவிட்டுப் போனதென்றால் அந்த மனிதருக்கு ஜன்னல் மட்டும்தான் மிச்சம்.

"வேற இடமே இல்லையா அந்த ஆத்துல?" என்றேன்.

ஸ்பானரின் முகம் மலர்ந்தது. "பாக்கணும்னா இப்பதான் அண்ணி பாக்கணும். மேல அணையில கதவு ரிப்பேர். தண்ணியை அடைச்சிருக்காங்க. ஆறு வத்திப்போய் வயித்தைக் காட்டிட்டுக் கெடக்கு. எங்க பள்ளம், எங்க கட்டை, எல்லாம் வெட்டவெளிச்சம்."

மறுநாள் காலை, நூல் வாங்கப் போவதாகச் சொல்லிவிட்டு ரப்பர் செருப்போடு கிளம்பினேன். ஸ்பானர் பட்டறையில் மிச்சமிருந்த சிவப்பு பெயின்ட் டப்பாவோடு காத்திருந்தான்.

அவனோடு ஆற்றில் நடப்பது இனிப்புக்கடைக்குள் குழந்தையைக் கூட்டிப் போவது போலத்தான். "அண்ணி, இந்தப் பள்ளத்தைப் பாருங்க! ஆள் ஆழம்!" என்று ஓடுவான். நான் பள்ளத்தைப் பார்க்கவே மாட்டேன், கரையைப் பார்ப்பேன். "இங்க அவர் எப்படி இறங்குவாரு? நீ மறுபடி மூட்டை தூக்கப் போறியா?" அடுத்த பள்ளத்துக்கு மேலே முள். அதற்கடுத்ததில் உட்கார இடமில்லை. ஒன்றில் எல்லாம் இருந்தது, சாக்கடையும் இருந்தது.

சேறு கணுக்கால்வரை ஏறியது. ஒரு செருப்பு போயே போய்விட்டது. "மீன் எங்க இருக்குன்னு பாக்க வந்தோமா, நாற்காலி வாங்க வந்தோமா?" என்று ஸ்பானர் முணுமுணுத்தான். வாங்கிக் கட்டிக்கொண்டான்.

வெயில் ஏறும் நேரத்தில் சாலையை ஒட்டிய கரைக்கு வந்தோம். மண் சரியாமலிருக்க நீளத்துக்கும் பெஞ்சு உயரத்தில் தனித்தனிக் கான்கிரீட் பலகைகள் பதித்திருந்தார்கள். சாலையிலிருந்து பலகைக்கு ஒரு படிகூட இறங்க வேண்டாம். கீழே ஆற்றுக்குள் பெரிய மரம் ஒன்று பாதி புதைந்து கிடந்தது. அதன் இடப்பக்கம் அகலமான பள்ளம். மற்ற இடமெல்லாம் வற்றியும் அதில் தண்ணீர் நின்றது, தண்ணீருக்குள் ஏதோ தடித்த முதுகு புரண்டது.

ஸ்பானர் கை கூப்பிவிட்டான்.

நான் மேலே ஏறி, மரத்துக்கு நேரே இருந்த பலகையில் உட்கார்ந்து பார்த்தேன். கழுத்தில் கிடந்த டேப்பை எடுத்து உயரம் அளந்தேன். வீட்டில் இவர் கை ஊன்றாமல் எழுந்திருக்கும் ஒரே நாற்காலியின் உயரம்தான், அரை அங்குலம் கூடுதல். நானும் கை ஊன்றாமல் எழுந்து பார்த்தேன். மறுபடி உட்கார்ந்தேன். நாள் முழுக்க இவர் எதைப் பார்த்துக்கொண்டிருப்பார் என்று எதிர்க்கரையைப் பார்த்தபோது எரிச்சல்தான் வந்தது. அழகான ஒரு வீடு, பச்சைக் கதவு. அந்தக் கதவுக்கு நட்டநடுவில், ஜிப் வைத்துத் தைத்தது போல, பலகைக்கு முன்னால் இந்தக் கரைச் சரிவில் நட்டிருந்த மின்கம்பம் ஒன்று மறைத்துக்கொண்டு நின்றது.

"மறந்துடாம அடையாளம் வை" என்றேன். பலகைகள் எல்லாம் ஒரே அச்சு.

ஸ்பானர் பள்ளத்தோரப் பாறையில் பெரிய சிவப்பு அம்புக்குறி போட்டான். எனக்கு அது போதாது. பையிலிருந்த சிவப்புச் சாட்டின் துண்டைக் கிழித்து, புதைந்த மரத்தின் கிளையில் இறுக்கி முடிந்தேன். எங்கிருந்து பார்த்தாலும் கண்ணில் அடித்தது. இரண்டு பேரும் நின்று ரசித்துவிட்டு வீட்டுக்குப் போனோம்.

ஆற்றில் தண்ணீர் விட்டதும், இவரைக் கிளப்புகிற வேலையை நான் எடுத்துக்கொண்டேன். வருஷக்கணக்காக நூலோடு மல்லுக்கட்டுகிற எனக்கு ஒரு ரீலைச் சிக்காக்கத் தெரியாதா? ஸ்பானரிடமிருந்து ஒன்றை வாங்கி, குருவிக்கூடு போல ஆக்கித் திருப்பிக் கொடுத்தேன். அவன் அதை வீட்டுக்கு எடுத்து வந்து தலையைச் சொறிந்தான்.

"அறிவிருக்காடா உனக்கு? குடு இப்படி" என்று இவர் பிடுங்கினார். திட்டிக்கொண்டே சிக்கெடுத்தார். எடுத்து முடித்தபோது முகத்தில் பழைய களை கொஞ்சம் தெரிந்தது.

"தண்ணியில போட்டுப் பாத்தாத்தானே சரியாயிடுச்சான்னு தெரியும்" என்றேன்.

"பாலத்தடிக்கெல்லாம் நான் வரமாட்டேன்."

"ரோட்டோரமாத்தாங்க. காத்து வாங்கிட்டு வரலாம்."

கரைக்குப் போனோம். நானும் ஸ்பானரும் சிவப்பைத் தேடினோம். அந்தக் கரையிலிருந்து இந்தக் கரைவரை பழுப்புத் தண்ணீர் நிம்மதியாகப் போய்க்கொண்டிருந்தது. பாறை இல்லை, மரம் இல்லை, சாட்டின் இல்லை. ஆற்றின் அடியில் அடையாளம் வைத்துவிட்டு, தண்ணீர் வந்ததும் அதைத் தேடிய இரண்டு மேதைகள் நாங்கள்தான்.

ஸ்பானர் முகத்தில் ஈயாடவில்லை. "தண்ணி வரும்னு தெரியும் அண்ணி. அம்புக்குறி மேலயும் வரும்னு தோணல" என்று என் காதில் சொன்னான்.

"என்ன ரெண்டு பேரும் குசுகுசுன்னு? வீட்டுக்குப் போலாம், கால் வலிக்குது" என்றார் இவர்.

எனக்கு அழுகை வரும்போல இருந்தது. இன்று திரும்பிப் போனால் இன்னொரு முறை வரமாட்டார். அப்போதுதான் அந்தக் கம்பம் ஞாபகம் வந்தது. ஓடிப்போய் ஒரு பலகையில் உட்கார்ந்தேன். கம்பம் கதவுக்கு வெளியே நின்றது. அடுத்ததில் உட்கார்ந்தேன். எழுந்தேன், உட்கார்ந்தேன். சாலையில் போனவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும். ஒரு பலகையில் உட்கார்ந்ததும், பச்சைக் கதவின் நட்டநடுவில் ஜிப் வந்து நின்றது.

"இங்க வாங்க" என்று கத்தினேன்.

இவர் மெதுவாக வந்து உட்கார்ந்தார். உயரம் ஒத்துக்கொண்டது, முகத்திலேயே தெரிந்தது. தூண்டிலை ஓங்கினார்.

"நேரா போடாதீங்க, அடியில மரம் கெடக்கு. கொஞ்சம் இடப்பக்கமா போடுங்க."

"நீ எனக்குச் சொல்லித் தர்றியா?" என்று நேராகத்தான் போட்டார். மாட்டிக்கொண்டது. இழுத்தார், நூல் அறுந்தது. வேறு தூண்டில்முள் கட்டினார். இடப்பக்கமாகப் போட்டார்.

கொஞ்ச நேரத்தில் தூண்டில் வளைந்தது. ஸ்பானர் குதித்தான், நான் என்னையறியாமல் இவர் தோளைப் பிடித்துக்கொண்டேன். கரைக்கு வந்தது என் முழங்கை நீள மீன்.

மீனைப் பார்க்காமல் இவர் என்னைப் பார்த்தார். "அடியில மரம் இருக்குன்னு உனக்கு எப்படித் தெரியும்?"

"நான் அங்க நடந்திருக்கேன். என் செருப்பு ஒண்ணு அங்கதான் எங்கயோ கெடக்கு."

ஸ்பானரால் அதற்குமேல் அடக்க முடியவில்லை. நாற்காலி உயரம், சேறு, அம்புக்குறி, சாட்டின் எல்லாவற்றையும் கொட்டிவிட்டான். இவர் சிரிக்க ஆரம்பித்தார். ஆபரேஷனுக்குப் பிறகு அந்தச் சிரிப்பை நான் கேட்கவே இல்லை. கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார், எனக்கும் வந்தது.

"ஆத்துக்கு அடியில போய் அம்புக்குறியா? மீன் வழி தெரியாம தவிச்சுச்சாமா?"

பொழுது சாய்கிறவரை உட்கார்ந்திருந்தோம். கிளம்பும்போது இவர் கை ஊன்றாமல், யார் தோளையும் பிடிக்காமல் எழுந்தார். நான் வேறு பக்கம் பார்ப்பதுபோல் நின்று அதைப் பார்த்தேன்.

ஸ்பானர் பொறுப்பாகத் தூண்டில்களைச் சேர்த்தெடுத்து, பையை மாட்டி, தன் வண்டியில் கட்டப் போனான்.

"டேய்" என்றார் இவர். "அதை எங்க எடுத்துட்டுப் போற?"

"என் வீட்டுக்குண்ணே. நீங்கதான் குடுத்தீங்களே."

"வை இங்க." கையை நீட்டினார். "தொப்பியையும் கழட்டு."