வசனம் போடாத வாக்குத்தத்தம்

1

கடவுளின் வாக்கு ஒன்றின் விலை எழுபத்தைந்து பைசா. அது பேரத்துக்கு முந்தைய விலை. சிவகாசியில் அச்சகம் வைத்திருக்கும் லட்சுமிகாந்தம் டீ குடிக்கும்போது சொன்னது. டீக்குக் காசு கொடுத்தது நான் என்பதால் கதை எனக்குச் சொந்தம்.

2

‘கிழக்கு வெளுக்க, கோயில் மணி…’ (வேண்டாம். அந்த மணியை அடித்து இதுவரை ஒரு கதையும் விற்றதில்லை.)

மறுபடி. தங்கச்சாமி பட்டாசு மொத்த வியாபாரி. சபைக் கமிட்டிச் செயலாளரும் அவரே. புத்தாண்டு ஆராதனையில் ஆளுக்கொரு வாக்குத்தத்த அட்டையைத் தட்டிலிருந்து எடுப்பார்கள். அதிலுள்ள வேதவசனம், அந்த வருடத்துக்கு அவருக்குக் கடவுள் கொடுத்த வாக்கு. ஐந்நூறு அட்டைக்கு லட்சுமிகாந்தத்திடம் ஆர்டர் கொடுக்கப் போன தங்கச்சாமிக்கு, சொன்ன விலையைக் கொடுத்தால் கடவுளே தன்னை மதிக்க மாட்டார் என்று தோன்றியது.

“வசனத்த விட்டுருங்க. அதிகாரமும் நம்பரும் மட்டும் போடுங்க. எல்லாரு வீட்டுலயும் பைபிள் இருக்குல்ல, பாத்துக்கிடுவாக.”

விலை நாற்பது பைசாவுக்கு இறங்கியது.

3

சபையில் சண்டை வரும் என்று நம்பி ஒன்றரைப் பக்கம் எழுதியிருந்தேன். கிழித்தாயிற்று. யாரும் கேட்கவில்லை. அட்டையைப் படம் பிடித்து ஸ்டேட்டஸ் வைத்தார்கள். கீழே ‘ஆமென்’ குவிந்தது. எதற்கு ஆமென் என்பது கைபேசிக்கே வெளிச்சம்.*

(* சிலர் வீட்டில் எடுத்து வாசித்திருக்கலாம். நல்லவர்கள். அவர்களை வைத்து என்னால் கதை எழுத முடியாது.)

4

மூன்றாம் நாள், அதே சபையைச் சேர்ந்த ஜெபக்கனி தங்கச்சாமியின் கடைக்கு வந்தாள். அவள் கணவன் முனியராஜுக்கு அச்சங்குளம் பட்டாசுக் கம்பெனியில் வெடிமருந்து கலக்கும் வேலை. போன மாதம் பக்கத்து அறையில் தீப்பிடித்தபோது ஓடித் தப்பியவன். மறுநாள் கம்பெனி திறக்கிறது. அனுப்புவதா வேண்டாமா என்று அவளுக்குத் தெரியவில்லை. கல்யாணத்துக்கு வந்த பைபிளின் உறை ஜிப் துருப்பிடித்துத் திறக்கவில்லையாம். அட்டையை நீட்டினாள். ஏசாயா 43:2.

“என்ன போட்டிருக்காக அண்ணாச்சி? நல்ல வாக்குன்னா அனுப்புவேன். இல்லன்னா கஞ்சியோ கூழோ, வீட்டுலயே இருக்கட்டும்.”

கடைத் திறப்புவிழா அன்று கண்ணாடிப் பெட்டிக்குள் விரித்து வைத்த பைபிள், சீரியல் பல்பு வெளிச்சத்தில் இன்னும் அதே பக்கத்தில் கிடந்தது. தங்கச்சாமி எடுத்துப் புரட்டினார். தங்கப்பூச்சு ஓரத் தாள்கள் பத்துப் பத்தாக ஒட்டிக்கொண்டு வந்தன. பழைய ஏற்பாட்டு ஏசாயாவைப் புதிய ஏற்பாட்டில் தேடினார். வெளியே லோடு வண்டிக்காரர் ஹாரன் அடித்தார். ‘தெரியவில்லை’ என்று சொல்லியிருக்கலாம். ஆனால் ஏப்ரலில் கமிட்டித் தேர்தல்.

“ஒரு தீங்கும் வராதுன்னு போட்டிருக்கும்மா. தைரியமா அனுப்பு.”

முகம் தெளிந்து அவள் கிளம்பிப் போனாள். (‘தங்கச்சாமியின் நெஞ்சில் முள்…’ இல்லை, லோடு ஏற்றப் போய்விட்டார். முள் மறுநாள்தான் குத்தியது, முனியராஜை ஏற்றிக்கொண்டு வேன் கடையைத் தாண்டியபோது.)

5

முடிவு ஒன்று: முனியராஜ் பத்திரமாகத் திரும்புகிறான். தங்கச்சாமி தீர்க்கதரிசி ஆகிவிடுவார். அந்த லாபத்தை அவருக்கு விட எனக்கு மனமில்லை.

முடிவு இரண்டு: ஜெபக்கனி கடை வாசலில் வந்து நின்று…

எழுத மாட்டேன்.

இப்போது சாயங்காலம் மணி நான்கு, வேன் இன்னும் திரும்பவில்லை. தங்கச்சாமி பிளேடால் தாள்களைப் பிரித்துக்கொண்டிருக்கிறார், ஏசாயாவைத் தாண்டிப் போய் எரேமியாவில் மாட்டிக்கொண்டிருக்கிறார். பைபிள் உங்கள் வீட்டிலும் இருக்கும். அவருக்கு முன் நீங்கள் கண்டுபிடித்தால் மிச்சத்தை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள்.

அச்சடித்த வாக்கு: ஐந்நூறு.
என்னவென்று கேட்டு வந்தவர்: ஒருத்தி.
வாசிக்காமலே கடவுள் பேரில் தங்கச்சாமி கொடுத்தது: ஒன்று.
பாக்கி: முனியராஜ், சாயங்கால வேனில்.