ஒரே ஆன்மா, ஒரு சிறுநீரகம்

அக்கா கல்லூரியில் தத்துவம் நடத்துபவள். தங்கை துணி தைப்பவள். போன வருடம் அக்காவின் சிறுநீரகங்கள் இரண்டும் பழுதாகிப் போக, தங்கை தன்னுடையதில் ஒன்றைக் கொடுத்தாள். அதன் பிறகு அக்காவின் முகத்தில் ஒரு புதுக் களை வந்தது. அது தன்னிடமிருந்து போனதாகவே தங்கைக்குப் பட்டது.

அக்கா மறுபடி பேசப்போன முதல் கூட்டத்துக்குத் தங்கையும் போனாள். அரங்கு நிரம்பியிருந்தது. "இந்த உடம்பு நான் இல்லை. எல்லாருக்குள்ளும் இருப்பது ஒரே ஆன்மாதான்" என்று அக்கா சொன்னதும் கைதட்டல் எழுந்தது. தங்கைக்கு வயிறு எரிந்தது. கேள்வி நேரம் வந்ததும் எழுந்து நின்றாள்.

"உடம்பு நீ இல்லேன்னா, என் உடம்புல இருந்து எதுக்குக்கா வாங்கிக்கிட்டே?"

அக்கா அவளையே பார்த்தபடி மெதுவாகச் சொன்னாள்.

"சாகப் பயந்துட்டேன்டி. படிச்சது ஒண்ணும் அப்ப கைகொடுக்கலை. எல்லாம் ஒண்ணுங்கறது எனக்கு இன்னும் வாய் வார்த்தைதான்."

பக்கத்து நாற்காலிப் பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "எப்படி மறைக்காம சொல்றாங்க பாருங்க" என்றாள் தங்கையிடம்.

கூட்டம் முடிந்ததும் எல்லாரும் அக்காவைச் சூழ்ந்துகொண்டார்கள். மானத்தை வாங்கத்தான் தங்கை அந்தக் கேள்வியைக் கேட்டாள். தோற்றுப்போனதைக்கூட அக்காவால் இவ்வளவு அழகாகச் சொல்ல முடிகிறதே என்று, வாசலில் அவளுக்காகக் காத்திருந்தபோது இன்னும் அதிகமாகப் பொறாமைப்பட்டாள்.