ஒன்றாகிப்போன மாமி

இதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. கற்பூரம் கொளுத்தி அணைத்துச் சத்தியம் பண்ணுவதுதான் முறை. கடற்காற்றில் தீப்பெட்டி நமுத்துக் கிடப்பதால் வெறும் வாயால் பண்ணவேண்டியிருக்கிறது. வாயால் பண்ணினாலும் சத்தியம் சத்தியந்தான்.

வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடலுக்கு இறங்கும் ஒழுங்கையொன்றில், ஒரு மாடிக் கட்டடத்தின் மேல்தட்டில் ஸ்ரீஸ்கந்தராசா குடியிருந்தார். நீர்ப்பாசனப் பொறியியலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். எந்தக் குளத்துக்கு எந்த வாய்க்கால் என்று கேட்டால் நித்திரையிலும் சொல்வார். எந்த மாமிக்கு எந்தப் பிள்ளை என்று கேட்டால் மனைவி சரோஜினிதேவியின் முகத்தைப் பார்ப்பார். அந்த முகம் போன ஆடியில் களுபோவில ஆஸ்பத்திரியில் கண்ணை மூடியது. அதற்குப் பிறகு யாராவது எதையாவது கேட்டால் அவர் சுவரைப் பார்த்தார்.

சொந்தபந்தம் முழுவதையும் சரோஜினிதேவி வீட்டுக் கணினி வழியே ஒரு மின்னஞ்சல் கணக்குக்குள் வைத்திருந்தார். கடிதங்கள் மின்னஞ்சலில், தொலைபேசி இலக்கங்கள் தொடர்புப் பட்டியலில், நல்லது கெட்டது எல்லாம் நாட்காட்டியில். ஸ்ரீஸ்கந்தராசாவின் கைப்பேசியில் இருந்தவர்கள் ஐயர், காஸ் சிலிண்டர் கொண்டுவருகிறவர், மருந்துக்கடைக்காரர். அவ்வளவுதான்.

செத்து ஒரு வருசம் நிறையும்போது வரும் ஆட்டைத் திவசம் நெருங்கிக்கொண்டிருந்தது. செத்தவீட்டுக்கு ஆட்கள் கேள்விப்பட்டுத் தாங்களாகவே வருவார்கள். திவசத்துக்கு வாயால் சொல்லவேண்டும். சொல்லாவிட்டால் வரமாட்டார்கள். வராமல் இருந்துகொண்டு, தங்களுக்குச் சொல்லவில்லை என்பதைச் சாகும்வரை சொல்லிக்கொண்டிருப்பார்கள். அந்த நேரம் பார்த்துத்தான் மின்னஞ்சல் கொம்பனியிடமிருந்து ஓர் அறிவித்தல் வந்தது: நெடுங்காலம் பாவிக்கப்படாத இந்தக் கணக்கு மாத முடிவில் நீக்கப்படும். கணக்குப் போனால் சரோஜினிதேவியின் ஆட்கள் எல்லாரும் அதோடு போய்விடுவார்கள். பிறகு அவருக்கென்று உலகத்தில் மிஞ்சுவது அந்தக் காஸ் சிலிண்டர்க்காரர்.

கணினி திருத்தும் கடை வைத்திருக்கும் ரிஸ்கான் மாளிகாவத்தையிலிருந்து வந்து பெட்டியைக் கழற்றினார்.

"அங்கிள், கடலுக்குக் கிட்ட ஈக்கிறதால உள்ளுக்கு எல்லாம் உப்பு."

"எவ்வளவு உப்பு?"

"ரெண்டு நாளைக்குச் சமைக்கலாம்."

ஸ்ரீஸ்கந்தராசா சமைத்தும் பார்த்தார். கிழமை முழுவதற்கும் காணுமாயிருந்தது.

உப்பைத் தட்டியெடுத்த பிறகு மின்னஞ்சல்களைக் கணினிக்குள் இறக்கத் தொடங்கினார்கள். சரோஜினிதேவி ஒரு கடிதத்தையும் அழிக்காதவர். விடியற்காலை வணக்கத்தோடு வந்த பிள்ளையார் படங்கள் மட்டுமே ஒரு தேருக்குக் காணும். பாதி இறங்குவதற்குள் மேசைக்கால் நிலத்துக்குள் அமிழ்ந்தது. கீழ் வீட்டு மர்லியா ஏறி வந்தார்.

"அங்கிள், மேல என்ன இறக்குறீங்க? எங்கட சீலிங் வளையுது."

"மெயில் பிள்ளை."

"யார்ட?"

"சரோவின்ர. துவங்கின நாளிலையிருந்து."

மர்லியா அமிழ்ந்த மேசைக்காலைப் பார்த்தார். "அப்ப வளையத்தானே வேணும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அடுத்தது நாட்காட்டி. குடும்பத்தில் இறந்த எல்லாருடைய திதியும் அதில் இருந்தது, வாக்கியப் பஞ்சாங்கப்படி ஒன்று, திருக்கணிதப்படி ஒன்று. இரண்டு பஞ்சாங்கக்காரரோடும் பகையில்லாமல் வாழ்ந்த மனுசி. தன்னுடைய திதியை மட்டும் அவர் குறித்துவைக்கவில்லை. மறந்திருக்கமாட்டார், சந்தர்ப்பம் கிடைத்திருக்காது.

கடைசியில் தொடர்புகள். ரிஸ்கான் திரையைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார்.

"அங்கிள், மொத்தம் குப்பையா ஈக்கிது. மாமி, மாமி, மாமி. கீழ வரைக்கும் மாமி. முதல்ல இதத் துப்புரவாக்கிட்டு பெக்கப் எடுப்பமா?"

ஸ்ரீஸ்கந்தராசா குனிந்து பார்த்தார். உண்மைதான். மூத்தவர்களின் பெயரை வாயால் சொல்லாதவர் சரோஜினிதேவி. வாயால் சொல்லாததைக் கையால் எழுதுவாரா? கொக்குவிலில் இருந்தாலும் கனடாவில் இருந்தாலும் மாமி மாமிதான். எந்த மாமி என்பது அவருக்கு இலக்கத்தைப் பார்த்த உடனே தெரியும்.

இது ஸ்ரீஸ்கந்தராசாவுக்குத் தெரியாது.

"எல்லாம் ஒரே ஆளா அங்கிள்? ஒண்டாக்கவா?"

"ஒரே ஆளாத்தான் இருக்கும் தம்பி. சரோ எதையும் ரெண்டு மூண்டு தரம் எழுதி வைக்கிறவா."

ரிஸ்கான் அழுத்தினார். எல்லா மாமியும் ஒரு மாமியானார்கள். அதன்மேல்தான் பெக்கப் என்கிற பிரதி எடுக்கப்பட்டது, கணினியில் ஒன்று, வெளியே கையடக்கமான பெட்டியில் ஒன்று.

"இனி உலகம் அழிஞ்சாலும் இது அழியா" என்றார் ரிஸ்கான்.

பிழை விளங்குவதற்கு முன்னமே மாதம் முடிந்து கணக்கும் போய்விட்டது. ஸ்ரீஸ்கந்தராசா கடைக்கே நடந்து போனார்.

"தம்பி, மாமிமாரைத் திரும்பப் பிரிக்க ஏலாதோ?"

"ஒண்டாக்கினது ஒண்டாக்கினதுதான் அங்கிள். நீங்கதானே ஓம் எண்டீங்க."

"ஓம். நான்தான்" என்றார் ஸ்ரீஸ்கந்தராசா.

ஒன்றாகிப்போன மாமிக்குக் கொக்குவில், ஸ்காபரோ, சூரிச், மெல்பேர்ண் என்று எல்லா இடத்திலும் வீடு இருந்தது. கிழமைக்கு ஒரு பிறந்தநாளாவது வந்தது. அவர் பார்த்துக்கொண்டிருக்கவே மாமி விறுவிறென்று வயதுபோய், ஒல்லாந்தர் கோட்டை கட்டின காலத்து மனுசியாகிவிட்டார். இடைக்கிடை அவருக்குத் திதியும் வந்தது. ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் பிறந்தநாள், பின்னேரம் திதி. ஸ்ரீஸ்கந்தராசா காலையில் நெற்றிக்குச் சந்தனம் வைத்தார், பின்னேரம் மரக்கறி மட்டும் சாப்பிட்டார்.

திவசத்துக்குச் சொல்லாமல் விடமுடியாது. கணினியைப் பார்த்து இலக்கத்தை அழுத்தினார். மணி எல்லா நாட்டிலும் ஒருமிக்க அடித்தது. எடுத்த குரலில் ஒரு பக்கம் நித்திரைக் கலக்கம், ஒரு பக்கம் மத்தியானச் சமையலின் தாளிப்பு.

"ஆர் கதைக்கிறது?"

"மாமி, நான் சரோவின்ர மனுசன்."

"ஓ. நீயும் ரெலிபோன் எடுப்பியே?" என்றார் மாமி. "பொறு, ஜன்னலைப் பூட்டிப்போட்டு வாறன். இஞ்ச பனி கொட்டுது. வெய்யிலும் கொளுத்துது."

"சரோவின்ர ஆட்டைத் திவசம் வருகுது மாமி. அதுதான் சொல்லுவமெண்டு."

"ஆருக்குச் சொல்லுறாய்?"

"உங்களுக்குத்தான்."

"நான் எந்த மாமி?"

ஸ்ரீஸ்கந்தராசா சுவரைப் பார்த்தார்.

"கலியாணத்திலை உன்ர சால்வையை நேராக்கிவிட்ட மாமியோ? பிள்ளை தங்காமப் போன நேரம் வந்து நிண்டு பத்தியம் சமைச்ச மாமியோ? உங்கட வீட்டிலை ஒரு மாசம் இருந்து கண் ஒப்பரேசன் செய்த மாமியோ? ஒரு மாசமும் நீ என்னைப் பாத்து, 'சாப்பிட்டாச்சே' எண்டு மட்டுந்தான் கேட்டனி."

"எல்லா மாமியுந்தான் மாமி."

"அப்பிடி ஒரு ஆள் இல்லைத் தம்பி. சரி, வாறன்."

ஐயர் எத்தனை பேருக்குச் சமையல் என்று கேட்டார். ஸ்ரீஸ்கந்தராசா ஒரு ஆளுக்கு என்றார். ஐயர் கேட்காத மாதிரித் தர்ப்பையை முடிந்துகொண்டிருந்தார்.

மாமி ஒரு முச்சக்கரவண்டியில் வந்து இறங்கினார். மாமியின் பாரத்தில் வண்டியின் முன்சில்லு வழிமுழுக்க நிலத்தில் படவேயில்லை என்று சாரதி சிங்களத்தில் முறையிட்டார். பட்டுச் சேலைக்கு மேல் பனிக்கோட்டு, காலில் ஒன்று பாட்டாச் செருப்பு, மற்றது சப்பாத்து. மாடிப்படி அடைபட்டுப்போக, மர்லியா வீட்டார் ஒரு மணித்தியாலம் வெளியே இறங்க முடியாமல் இருந்தார்கள். உள்ளே வந்த மாமி சரோஜினிதேவியின் படத்துக்கு முன்னால் நின்று அழுதார். அந்த அழுகையில் எல்லா ஊர்க் குரலும் இருந்தது. ஒரு குரல் ஓய மற்றது எடுத்துக்கொண்டது. ஐயர் மந்திரத்தை நிறுத்திவிட்டுக் காத்திருந்தார்.

ஒரு ஆளுக்கென்று சமைத்தது மாமிக்கு முதல் வாய்க்கே காணவில்லை. அயல் வீட்டுப் பானைகளும் வந்தன. சாப்பிடும்போது மாமி சரோஜினிதேவியைப் பற்றிக் கதைத்துக்கொண்டேயிருந்தார். அவருக்கு ஆடுபுலியாட்டத்தில் ஒருவரும் கிட்ட நிற்க ஏலாது என்றார். தனியே ரயிலில் போய் மட்டக்களப்பில் இறங்கின கதையைச் சொன்னார். பயந்தால் சிரிப்பு வரும் பெண் என்றார். ஸ்ரீஸ்கந்தராசா பரிமாறுவதை விட்டுவிட்டுக் கையில் கரண்டியோடு கேட்டுக்கொண்டு நின்றார். இதில் ஒன்றுகூட அவருக்குத் தெரிந்திருக்கவில்லை.

"இன்னும் சொல்லுங்கோ மாமி."

"நீ கேக்கவேண்டிய ஆளிட்டைக் கேட்டிருக்கலாம். பக்கத்திலைதானே இருந்தவா."

போகும்போது மாமி வாசலில் திரும்பிப் பார்த்தார்.

"கண்டுபிடிச்சனியோ, நான் ஆர் எண்டு?"

"இல்லை மாமி."

"அப்ப இனி எனக்குச் சொல்லாத."

மறுநாள் அதே இலக்கத்தை அழுத்தினார். அது பாவனையில் இல்லை என்று மூன்று மொழியிலும் ஒரு பெண் சொன்னாள். மூன்றையும் கடைசிவரை கேட்டார். பிறகு கணினியைத் திறந்து பார்த்தார். எல்லாம் பத்திரமாக இருந்தது, கடிதங்கள், திதிகள், ஒரு மாமி. ரிஸ்கான் சொன்னபடி ஒன்றும் அழியவில்லை. கடற்பக்கத்து ஜன்னலைச் சாத்திவிட்டு, இருட்டும்வரை கணினியின் முன்னால் இருந்தார். அவருக்கு யாரும் தொலைபேசி எடுக்கவில்லை.

அதே வெறும்வாய்ச் சத்தியத்தோடு கடைசியாக ஒன்று: ஸ்ரீஸ்கந்தராசா கலியாணம் கட்டாதவர்.