ஒன்று நாலான கதை

மக்கசார் துறைமுகத்தில் பதினோரு வருடமாக நான் ஓட்டுவது ஒன்றாம் எண் கிரேன். வாக்கி டாக்கியில் "ஒண்ணு, தூக்கு" என்று குரல் வந்தால் என் கை தானாக நகரும். போன மாதம் துறைமுகத்தை மேற்கே நீட்டி மூன்று புதுக் கிரேன்களை நிறுத்தினார்கள். எண்ணையும் மேற்கிலிருந்தே ஆரம்பித்தார்கள். ஒன்று நாலானது, பழைய நாலு ஏழானது.

கிரேன் ஏழானாலும் லாரி வெளியே போக அதே ஒரு வாசல்தான். முன்பு ஒவ்வொரு கிரேனும் மணிக்கு இருபத்தைந்து பெட்டி நகர்த்தியது. இப்போது லாரிக்குக் காத்துக் கிடப்பதில் பத்தொன்பதைத் தாண்டுவதில்லை. மேலாளர் வீர்யோ வாசலை அகலப்படுத்தவில்லை, சுவரில் ஒரு பலகை மாட்டினார். எந்தக் கிரேன் எத்தனை நொடி சும்மா நின்றது என்று அதில் வரும். அன்றிலிருந்து எல்லோரும் ஒரே அலைவரிசையில் கத்துகிறோம்.

செவ்வாய் மதியம் நல்ல மழை. என் கிரேனில் முப்பது டன் பெட்டி தொங்கியது. கப்பலில் அது இறங்கவேண்டிய இடத்தில் என் கணவர் தஹாங் கொக்கிகளைச் சரிசெய்துகொண்டிருந்தார். அவர் விலகியதும் கீழிருந்து குரல் வரும், நான் இறக்குவேன். கண்ணாடியில் தண்ணீர் வழிந்ததில் எனக்கு ஒன்றுமே தெரியவில்லை.

"நாலு, எறக்கு."

நான் அசையவில்லை.

"நாலு, எறக்குன்னு சொல்றேன்ல? தூங்குறியா?"

எவனோ திட்டு வாங்குகிறான், பாவம் என்று நினைத்தேன். அப்புறம்தான் நாலு நான்தான் என்பது உறைத்தது. பலகை ஞாபகம் வந்தது. அவசரமாகக் கைப்பிடியைப் பிடித்தேன். அந்த நேரம் பார்த்து மழை சற்று விட்டது. பெட்டிக்கு நேர் கீழே மஞ்சள் தொப்பி. தஹாங் இன்னும் குனிந்து ஒரு கொக்கியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். கைப்பிடியை விட்டுவிட்டேன்.

கத்தியது ஏழாம் கிரேனுக்குக் கீழிருந்து குரல் கொடுக்கும் சங்கலா அண்ணன். அவர் வாயில் அது இன்னும் நாலுதான். அவர் புது எண்ணை மறந்தார்; நல்லவேளை, நானும் மறந்திருந்ததால் என் கணவர் பிழைத்தார்.

வேலை முடிந்ததும் வீர்யோ கூப்பிட்டனுப்பினார்.

"நாப்பது செகண்டு சும்மா நின்னுருக்கீங்க, பெஸ்ஸே."

"நம்பர் குழப்பம் சார். எறக்கியிருந்தா எங்க வீட்டுக்காரர் நசுங்கியிருப்பாரு."

"நசுங்கலையே? மொதல்ல உங்க நம்பரப் பழகிக்கோங்க."

"சங்கலா அண்ணன்கிட்டயும் சொல்லுங்க சார். பழைய நம்பரையாவது திருப்பிக் குடுங்க."

"அவருகிட்ட சொல்லியாச்சு. தலைய ஆட்டினாரு." பெரிய '4' அச்சடித்த ஸ்டிக்கரை என் கையில் கொடுத்தார். கண்ணெதிரே ஒட்டிக்கொள்ள வேண்டுமாம்.

வீட்டில் தஹாங் மீன் குழம்புச் சோற்றைப் பிசைந்தபடி சிரித்தார். "நாப்பது செகண்டு தூங்குன பொண்டாட்டிக்கு நான் ஆயுசுக்கும் கடன்பட்டிருக்கேன்."

"வேற கிரேனுக்கு மாத்திக்கோங்க. எனக்குப் பயமா இருக்கு."

"எங்க போனாலும் தலைக்கு மேல பெட்டிதான்டி. நீயாவது தெரிஞ்சவ."

மறுநாள் காலை ஸ்டிக்கரை ஒட்டிவிட்டு உட்கார்ந்தேன்.

"நாலு, தூக்கு."

என்னைத்தான் கூப்பிட்டார்கள். பெட்டி ஒழுங்காக மேலே எழுந்தது. அதன்பிறகுதான் என் கையைப் பார்த்தேன். நான் யோசிக்கவே இல்லை, அது தானாக நகர்ந்திருந்தது. நான் பழகிவிட்டேன். சங்கலா அண்ணன் பழகிவிட்டாரா என்று எனக்குத் தெரியாது.