தொடாத பீங்கான்

பசித்த ஒருத்தியை மெழுகுதிரிக்கு முன்னால் இருத்திவைத்துப் பட்டினி போடுவதற்கு விருந்து என்று யார் பெயர் வைத்தார்களோ தெரியாது. இரஞ்சிதத்துக்கு அந்த ஆளை ஒரு தரம் நேரே கண்டு நாலு வார்த்தை கேட்கவேண்டும் போலிருந்தது.

விடுமுறை என்று அவள் வாழ்க்கையில் வந்தது இது ஒன்றுதான். கலியாணம் முடித்து யாழ்ப்பாணத்திலிருந்து கிளிநொச்சிக் குடியேற்றத்துக்கு வந்த நாள் தொட்டுக் காடு வெட்டியதும் வரம்பு கட்டியதும் நெல் அவித்ததும்தான் அவள் கண்ட உல்லாசம். அறுபத்துமூன்றில் காலபோகம் நன்றாக விளைந்தது. சூடு மிதித்து நெல்லை வீட்டில் சேர்த்த கையோடு புருஷன் சிற்றம்பலம் பிள்ளைகளைத் தமக்கை வீட்டில் விட்டுவிட்டு, "வாரும், முல்லைத்தீவுக் கடலைப் பாத்திட்டு வருவம்" என்று அவளைப் பஸ் ஏற்றினான். கடலோடு விட்டிருந்தால் ஒரு குறையும் இல்லை. ஆனால் குளத்து வேலையைப் பார்க்க வந்த எஞ்சினியர் அவனுடைய காதில் ஒன்றைப் போட்டுவிட்டிருந்தார். அங்கே கரையில் ஒரு பிரெஞ்சுச் சாப்பாட்டு வீடு இருக்கிறதாம். கொழும்பிலிருந்து வருகிற புதுமாப்பிள்ளையும் பெண்ணும் அங்கேதான் எதிரெதிரே இருந்து சாப்பிடுவார்களாம்.

"எங்களுக்கென்ன குறை? நாங்களும் போவம்" என்றான் சிற்றம்பலம். அப்படிச் சொன்னபோது அவனை அவளுக்கு மிகவும் பிடித்திருந்தது. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

சாப்பாட்டு வீட்டுக்காரர் ஞானப்பிரகாசம் அந்தக் கரையிலேயே பிறந்தவர். இளவயதில் ஒரு பிரெஞ்சுக் கப்பலின் குசினியில் போய்ச் சேர்ந்து, அங்கேயே பெரிய சமையல்காரராகி, தலை நரைத்த பிறகு ஊர் திரும்பியவர். கடலைப் பார்த்த விறாந்தையில் மேசை கதிரை போட்டு, வெள்ளைச் சீலை விரித்து, பொழுதுபட்டதும் மெழுகுதிரி கொளுத்தி, வெள்ளைக் கோட்டுப் போட்டுத் தானே பரிமாறுவார். அவருடைய மனைவி மரியமலர் குசினியில் நிற்பாள்.

இரஞ்சிதம் மத்தியானமே சோறு வேண்டாம் என்றுவிட்டாள். இன்றைக்கு, அவள் அடுப்பு ஊதாத சாப்பாடு. யாரோ சமைத்து, யாரோ கொண்டுவந்து வைக்க, இருந்த இடத்தில் இருந்து சுடச்சுடச் சாப்பிடப் போகிறாள். அதை நினைக்க நினைக்க வாயூறியது. பஸ்ஸில் வரும்போதும் அதே நினைவு, கடலில் கால் நனைத்தபோதும் அதே நினைவு.

முதலில் வெங்காய சூப் வந்தது. மேலே வாட்டிய பேக்கரிப் பாண் துண்டு மிதந்தது. ஆவி அவளுடைய முகத்தில் அடித்தது. சிற்றம்பலம் கரண்டியை எடுத்தான். இரஞ்சிதம் எடுக்கவில்லை.

அவன் சாப்பிட்டுக் கைகழுவாமல் அவள் வாயில் ஒரு பருக்கை போட்டதில்லை. தாயும் அப்படித்தான், மாமியும் அப்படித்தான். அவன் எழும்பின பிறகு அவன் சாப்பிட்ட கோப்பையிலேயே சோற்றைப் போட்டுக்கொண்டு குசினி மூலையில் குந்துவாள். அது பக்தியா பழக்கமா என்று கேட்டால் அவளுக்கே தெரியாது. கை முந்தாது, அவ்வளவுதான். சூப் எங்கே ஓடப்போகிறது, அவர் குடித்து முடிக்கட்டும் என்று காத்திருந்தாள். மேசைச் சீலையில் கரண்டி தனியே கிடப்பது அவளுக்குப் பிடிக்கவில்லை, எடுத்துக் கோப்பைக்குள் வைத்தாள்.

சிற்றம்பலத்தின் கோப்பை வெறுமையானதும் ஞானப்பிரகாசம் வந்தார். அவளுடைய கோப்பையைப் பார்த்தார். இரண்டையும் தூக்கிக்கொண்டு போனார்.

சரி, சூப்தானே என்று மனதைத் தேற்றிக்கொண்டாள்.

அடுத்தது மீன். வெண்ணெயில் பொரித்து, தேசிக்காய் பிழிந்து, பீங்கான் நிறையக் கிடந்தது. இரண்டு பக்கமும் கத்தியும் முள்ளுக்கரண்டியும் ஆளுக்கொரு திக்கில் கிடந்தன. இரஞ்சிதத்துக்கு எதுவும் பரந்து கிடக்கக்கூடாது. இரண்டையும் எடுத்து ஒன்றோடொன்று சேர்த்து, மீனுக்குப் பக்கத்தில் துப்புரவாக வைத்துவிட்டுக் கையை மடியில் வைத்துக்கொண்டாள். சிற்றம்பலம் முள்ளு வேறு சதை வேறாகப் பிரித்து ரசித்துச் சாப்பிட்டான்.

"மீன் எப்பிடி?" என்று கடலைப் பார்த்துக்கொண்டு கேட்டான்.

"நல்ல வாசம்" என்றாள். அது பொய்யில்லை.

ஞானப்பிரகாசம் மறுபடியும் வந்தார், மறுபடியும் தூக்கினார். இந்தத் தடவை அவருடைய முகம் கறுத்திருந்தது. இதென்ன அநியாயம், சாப்பிடாத பீங்கானைத் தூக்குகிறது எந்த ஊர் முறை என்று இரஞ்சிதத்துக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எதிரே இருந்த மனுஷனோ உதட்டைத் துடைத்துக்கொண்டு கடலை ரசித்தான்.

கோழி வந்தபோது அவள் துணிந்துவிட்டாள். கை முள்ளுக்கரண்டி வரை போனது. சிற்றம்பலம் சப்பிக்கொண்டே நிமிர்ந்து பார்த்தான். சும்மாதான் பார்த்தான். கை அதைக் கத்தியோடு சேர்த்து வைத்துவிட்டு மடிக்குத் திரும்பிவிட்டது. அந்தக் கையைப் போட்டு அடிக்கவேண்டும் போலிருந்தது அவளுக்கு. கோழியும் போனது.

கடைசியாகப் புடிங் வந்தது. ஒன்றுதான் வந்தது. ஞானப்பிரகாசம் அதைச் சிற்றம்பலத்துக்கு முன்னால் வைத்துவிட்டு நிமிர்ந்து நின்றார்.

"ஐயாவுக்கு மட்டும் வைக்கிறன், அம்மா. எங்கடை கையாலை சாப்பிட உங்களுக்கு மனமில்லையெண்டால் வரேக்கையே சொல்லியிருக்கலாம். மரியமலர் காலமை தொட்டு நிண்டு சமைச்சது. எல்லாம் நாய்க்குப் போட்டுது."

இரஞ்சிதத்துக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியபோது காது மடல் வரை சூடேறியது. பட்டினி கிடந்ததும் போதாதென்று, சாதி பார்த்து மற்றவர் கைச்சோற்றை இழிவாக நினைக்கிறவள் என்ற பெயர் வேறா?

"ஆருக்கு மனமில்லை?" என்றாள். குரல் குசினி வரை கேட்டிருக்கும். "எனக்குப் பசி, ஐயா. மத்தியானமும் சாப்பிடேல்லை. இவர் சாப்பிட்டு முடியட்டும் எண்டு பாத்துக்கொண்டு இருந்தனான். நான் வாயிலை வைக்கமுன்னம் நீங்கள் வந்து வந்து தூக்கிக்கொண்டு போறியள்."

ஞானப்பிரகாசம் திகைத்துப்போனார். "சூப்புக்குள்ளை கரண்டியைப் போட்டியள், கத்தியையும் முள்ளுக்கரண்டியையும் சேத்து வைச்சியளே, அம்மா. போதும், எடு எண்டதுக்கு அதுதானே அடையாளம்."

"நான் துப்புரவா வைச்சனான்."

குசினி வாசலில் மரியமலர் வந்து நின்றாள். முந்தானையால் கையைத் துடைத்தபடி இரஞ்சிதத்தையே பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம் இல்லை. தனக்கும் தெரிந்த ஒன்றைக் கண்டவள் போல நின்றாள்.

சிற்றம்பலம் கரண்டியும் கையுமாக விழித்தான். "எனக்கொரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே, இரஞ்சிதம்."

"இந்த மேசை எவ்வளவு அகலம்? கை நீட்டினால் என்னிலை முட்டும். மூண்டு பீங்கான் நிறைய வந்து நிறையப் போச்சுது. உங்கடை கண்ணுக்குத் தெரியேல்லையோ?"

அவன் யோசித்தான். உண்மையாகவே யோசித்தான். பிறகு, மறைக்கத் தெரியாத மனுஷன், உள்ளதைச் சொன்னான்.

"தெரிஞ்சதுதான். ஆனால் எனக்கு அது வித்தியாசமாப் படேல்லை. நீர் சாப்பிட்டு நான் ஒருநாளும் பாக்கேல்லையே."

பொய் சொல்லியிருந்தால் சண்டை பிடித்திருப்பாள். உண்மையைச் சொன்னவனோடு என்ன சண்டை பிடிப்பது? அவன் மடியில் பிள்ளைகளைப் போட்டிருக்கிறாள், அவனுக்குப் பக்கத்தில் நின்று காடு எரித்திருக்கிறாள், காய்ச்சலில் கிடந்தவனுக்குக் கஞ்சி பருக்கியிருக்கிறாள். அவள் சோறு தின்னும் முகம் எப்படியிருக்கும் என்று அவனுக்குத் தெரியாது.

இரஞ்சிதம் ஞானப்பிரகாசத்தின் பக்கம் திரும்பினாள். "சூப் மிச்சம் இருக்கோ?"

"இருக்கம்மா. மீனும் ஒண்டு இருக்கு" என்று உள்ளேயிருந்து மரியமலர்தான் சொன்னாள். "கோழி நான் இப்ப பொரிச்சுத் தாறன்."

"அப்ப சூப்பிலை இருந்து தொடங்குங்கோ. எனக்கு மட்டும்."

சிற்றம்பலம் கதிரையைப் பின்னுக்குத் தள்ளினான். "நீர் ஆறுதலாச் சாப்பிடும். நான் கடற்கரையிலை நிக்கிறன்."

"இருங்கோ" என்றாள் இரஞ்சிதம். "இருந்து பாருங்கோ."

அவன் இருந்தான். என்ன செய்வதென்று தெரியாமல் புடிங்குக் கரண்டியை எடுத்தான். அவள் அந்தக் கரண்டியைப் பார்த்தாள். அவன் அதைக் கீழே வைத்துவிட்டுக் கையை மடியில் வைத்துக்கொண்டான்.

சூப் வந்தது. ஞானப்பிரகாசம் இரண்டு கையாலும் பிடித்து அவளுக்கு முன்னால் வைத்துவிட்டு விலகிப்போனார். இரஞ்சிதம் ஒரு கரண்டி எடுத்து ஊதாமல் வாயில் விட்டாள். நாக்கைச் சுட்டது. வீட்டில் அடுப்பில் வைத்தது அவள், இறக்கி வைத்தது அவள், ஆறிய மிச்சத்தைத் தின்றதும் அவள். ஆனால் சோறும் கறியும் இவ்வளவு சூடாக இருக்கும் என்பதை இத்தனை காலமாக அவன் ஒருவன்தான் அறிந்திருக்கிறான். அடுத்த கரண்டியை எடுக்கும்போது அவளுக்குக் கோபம் இன்னும் கூடியது.